இளையோர் காதல் நாவலை யார் குரலில் சொல்வது?

பதின்வயதினரின் காதலையும் அந்தக் காதலின் ஊடே அவர்கள் தங்களையே கண்டுகொள்வதையும் நாவலாக்க முனைபவர்களில் பலர் ஒரே இடத்தில் நின்றுபோகிறார்கள். கதை மனத்தில் முழுதாக இருக்கிறது; பிரிந்த காட்சியும் அழுத காட்சியும் கண்ணுக்குள் நிற்கின்றன; ஆனால் முதல் அத்தியாயத்தை ‘நான்’ என்று தொடங்கினால் புலம்பலாகிவிடுகிறது, ‘அவள்’ என்று தொடங்கினால் சூடு ஆறிவிடுகிறது, இருவரும் மாறிமாறிச் சொல்லட்டும் என்று விட்டால் இரண்டு குரலும் ஒன்றாகவே ஒலிக்கிறது. படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தரப்படும் கைப்பிரதிகளோடு அதிகம் வரும் கேள்வியும் இதுதான்: இந்தக் கதையை யார் சொல்ல வேண்டும்?

இதை நடை பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டால் விடை அகப்படாது என்பது என் அனுபவம். இது தொலைவு பற்றிய கேள்வி. நிகழ்ச்சி நடந்த பொழுதுக்கும் அது சொல்லப்படும் பொழுதுக்கும் இடையில் எவ்வளவு காலம் ஓடியிருக்கிறது, சொல்பவர் யாரை முன்னிறுத்திச் சொல்கிறார் என்ற இரண்டும் தெளிந்துவிட்டால், தன்மையா படர்க்கையா, இறந்தகாலமா நிகழ்காலமா என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். அகப்பாடல்களின் அடியில் காணப்படும் துறைக்குறிப்புகள் இதைத்தான் செய்கின்றன: எந்தச் சூழலில், யார், யாரிடம் சொன்னது என்று ஒரே வரியில் கூறிவிடுகின்றன. தலைவன் தலைவியின் பெயரைக்கூட அகப்பாடல் சொல்வதில்லை. ஆனால் கூற்று யாருடையது என்று தெரியாமல் அந்தப் பாடலுக்குள் நுழைய முடியாது. எழுதப்போகும் நாவலுக்கும் அப்படி ஒரு வரிக் குறிப்பை எழுத முடிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே படிப்பது நல்லது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, நெருக்கம். உணர்ச்சி செறிந்த நாவல் என்று நாம் சொல்லும்போது, பாத்திரத்தின் வலி நடக்கும் கணத்திலேயே வாசகரை வந்தடைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எல்லா வழிகளும் இதை ஒரே அளவில் தருவதில்லை.

இரண்டாவது, அறியாமைக்கு இடம். தன்னறிதல் கதையின் பொருளாக இருக்குமானால், தொடக்கத்தில் கதைசொல்லிக்குத் தன்னைப் பற்றி ஏதோ ஒன்று தெரியாமல் இருந்தாக வேண்டும். அது அவருக்குத் தெரியவருவதற்குச் சற்று முன்னதாக வாசகருக்குப் புலப்பட வேண்டும். 1967-இல் உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் பதின்வயதுச் சிந்தனையின் இரண்டு இயல்புகளை எடுத்துக்காட்டினார். எல்லோரும் தன்னையே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு ஒன்று. அதை அவர் ‘கற்பனைப் பார்வையாளர்’ என்றார். தனக்கு நேர்வது போல வேறு எவருக்கும் நேர்ந்ததில்லை என்ற நம்பிக்கை மற்றொன்று. பதினாறு வயதுக் கதைசொல்லி இந்த இரண்டையும் முழு மனத்தோடு நம்பலாம், நம்பவும் வேண்டும். நாவல் அவற்றை நம்பிவிடக் கூடாது. கதைசொல்லியின் நம்பிக்கைக்கும் நாவலின் பார்வைக்கும் இடையிலான அந்தச் சிறு இடைவெளியை எந்தக் குரல் காப்பாற்றித் தருகிறது என்று பார்ப்பதே ஐந்து அளவுகோல்களிலும் எனக்கு முதன்மையானது.

மூன்றாவது, காதலிக்கப்படுபவர் முழு மனிதராக வருகிறாரா என்பது. நான் படித்த கைப்பிரதிகளில் மிகுதியும் குறைபட்டுக் கிடந்தது இந்த இடம்தான். நாயகியின் துயரம் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும். அவள் யாருக்காகத் துயருறுகிறாளோ அந்தப் பையனுக்குக் கண்களும் மௌனமும் மட்டுமே இருக்கும்.

நான்காவது, துயரத்தைக் கையாளும் பொறுப்பு. இளையோர் நாவல் என்ற வகை பொதுவாக 12 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. தற்கொலை பற்றி எழுதும்போது வழிமுறையை விவரிக்கக் கூடாது, அதைத் துயரத்துக்கான தீர்வாகக் காட்டக் கூடாது, உதவி கிடைக்கும் வழியைச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு வழிகாட்டுகிறது. புனைகதைக்கும் இது பொருந்தும் என்றே கருதுகிறேன். மனம் நொறுங்கிய பாத்திரம் தானே கதையைச் சொல்லும்போது, அதன் இருண்ட நினைப்புகளுக்கு மாற்றுக் குரல் ஒன்று பக்கத்தில் எங்கிருந்து வரும் என்பதை முன்னரே யோசித்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, எழுதுபவர் சுமக்க வேண்டிய உழைப்பு. இது தொடக்கத்தில் தெரியாது. நூறாவது பக்கத்தில் தெரியும்.

| வழி | வலிமை | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|
| தன்மை, நிகழ்காலம் | கணத்தின் சூடு | ஒரே ஓசை, பின்னோக்கிப் பார்க்க இயலாமை |
| தன்மை, இறந்தகாலம் | தன்னறிதலுக்கு விரிந்த இடம் | சொல்லும் நாளை நிறுவும் பொறுப்பு |
| இரு குரல் | இருவரும் முழு மனிதர்கள் | ‘அவன் மனத்தில் நான் இருக்கிறேனா’ என்ற கேள்வி போய்விடும் |
| கடிதம், நாட்குறிப்பு | சொல்ல முடியாததைச் சொல்லும் காரணம் | எழுத முடியாத கணங்கள் விடுபடும் |
| கவிதை வடிவம் | மௌனத்துக்கு இடம் | துணைப் பாத்திரங்கள் மெலியும் |
| படர்க்கை | கதைசொல்லிக்குத் தெரியாததையும் காட்டலாம் | தொடக்கத்தில் விலகல் |

## தன்மை, நிகழ்காலம்

‘நான் கதவைத் திறக்கிறேன், அவன் நிற்கிறான், எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது’ என்ற இந்த முறை அண்மைக் கால ஆங்கில இளையோர் நாவல்களில் மிகவும் பரவியிருப்பதால், புதிதாக எழுதுபவர்கள் இதை இவ்வகையின் இயல்பான குரலாகவே எண்ணிவிடுகிறார்கள். நடப்பது நடக்கும்போதே சொல்லப்படுவதால் அடுத்து என்ன ஆகும் என்று கதைசொல்லிக்கும் தெரியாது. ஆகவே அச்சமும் எதிர்பார்ப்பும் கூடுதலாகவே கிடைக்கும்.

ஆனால் தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியங்கள் வினைமுற்றில் முடிகின்றன. நிகழ்காலத் தன்மை வினைமுற்று எந்த வினையாக இருந்தாலும் ‘கிறேன்’ என்றே முடிகிறது. நடக்கிறேன், பார்க்கிறேன், நினைக்கிறேன், அழுகிறேன் என்று ஒரு பத்தி முழுவதும் ஒரே ஓசை அடித்துக்கொண்டிருக்கும். இறந்தகாலத்தில் அப்படி இல்லை: வந்தேன், போனேன், கேட்டேன், ஓடினேன், பார்த்தேன் என்று இடைநிலைகள் மாறுவதால் வாக்கிய முடிவுகள் தாமாகவே வேறுபடுகின்றன. நிகழ்காலத்தில் முந்நூறு பக்கம் எழுத விரும்புபவர், வினையில்லாத பெயர்ப் பயனிலை வாக்கியங்களையும், எச்சங்களால் நீளும் வாக்கியங்களையும், பிற பாத்திரங்களையும் பொருள்களையும் எழுவாயாகக் கொண்ட வாக்கியங்களையும் இடையிடையே கொண்டுவந்து இந்த ஓசையை உடைத்தபடியே போக வேண்டும். அது பெரும் உழைப்பு. வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் இதைச் செய்ய முடியாது.

இரண்டாவது விலை இன்னும் ஆழமானது. இந்தக் குரலால் எதையும் திரும்பிப் பார்த்து எடைபோட முடியாது. நேற்று சொன்னதன் பொருள் இன்று விளங்குகிறது என்ற நகர்வுதான் தன்னறிதல்; ‘இன்று’ மட்டுமே உள்ள குரலில் அது உரையாடல்களின் வழியாகவும் செயல்களின் வழியாகவும் மட்டுமே வெளிப்படும். அனுபவமுள்ள கை இதைச் சாதித்துவிடும். புதியவர்கள் பெரும்பாலும் ‘எனக்கு இப்போது புரிகிறது’ என்று எழுதிவிடுகிறார்கள், அந்த இடத்திலேயே கதை தளர்ந்துபோகிறது.

இருந்தும், இதுவே சரியான தேர்வாக அமையும் சூழல் ஒன்று உண்டு: கடந்த காலத்தைப் பார்க்கவே முடியாத கதைசொல்லி. லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ (1999) நாவலில், கதை தொடங்குவதற்கு முந்தைய கோடையில் வன்முறைக்கு உள்ளான மெலிண்டா என்ற ஒன்பதாம் வகுப்பு மாணவி பள்ளியில் ஏறக்குறைய பேசுவதையே விட்டுவிடுகிறாள். அவளுடைய நிகழ்காலக் குரலை வாசகர் மட்டுமே கேட்கிறார். பின்னால் பார்க்க அஞ்சுபவளுக்கு நிகழ்காலம் ஒன்றுதான் புகலிடம் என்பதால் அங்கே இலக்கணக் காலமே கதைப்பொருளோடு ஒன்றிவிடுகிறது. உங்கள் கதைசொல்லிக்கும் அப்படி ஒரு காரணம் இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். விறுவிறுப்பு மட்டுமே காரணம் என்றால் வேறு வழியைப் பாருங்கள்.

## தன்மை, இறந்தகாலம்

இதைப் பலர் பழைய முறை என்று ஒதுக்குகிறார்கள். காதலும் தன்னறிதலும் சேர்ந்த கதைக்கு, வேறு காரணம் எதுவும் குறுக்கிடாவிட்டால், நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் ஒரு நிபந்தனையோடு. கதைசொல்லி எந்த நாளில் நின்று திரும்பிப் பார்க்கிறார் என்பது எழுதுபவருக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இருபது ஆண்டுகள் கழித்து நின்று பார்த்தால் அது பெரியவரின் நினைவேக்கமாகிவிடும். இளையோர் நாவல் அங்கேயே கை நழுவிவிடும். ஏனென்றால் அந்தக் குரலுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அது தன் பழைய துயரத்தைப் பார்த்துப் புன்னகைக்கவும் தொடங்கிவிட்டது. பதினேழு வயது வாசகருக்குத் தன் துயரம் புன்னகைக்கு உரியதாகத் தெரிவதில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. சில வாரங்கள் கழித்து நின்று பார்த்தால் நிலைமை முற்றிலும் வேறு. நடந்தது முடிந்துவிட்டது, ஆனால் ஆறவில்லை. என்ன நடந்தது என்று கதைசொல்லிக்குத் தெரியும். அது என்ன என்று தெரியாது. அந்தத் தெரியாமையைத் தீர்த்துக்கொள்ளவே அவர் சொல்லத் தொடங்குகிறார். சொல்லி முடிக்கும்போது தொடங்கிய இடத்தில் அவர் இல்லை.

கபிலர் பாடிய குறுந்தொகையின் 25-ஆம் பாடல் இந்தத் தொலைவை மிக நுட்பமாகக் கையாள்கிறது. தலைவி தோழியிடம் பேசுகிறாள். தலைவன் தன்னோடு கூடிய பொழுதில் அங்கே வேறு யாரும் இல்லை. அவன் தன் சொல்லிலிருந்து பிறழ்ந்தால் அவள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகு ஒன்றுதான் அப்போது இருந்தது. கூடிய கணத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் அந்தக் குருகு ஓர் இயற்கைக் காட்சியாக நின்றிருக்கும். வாக்கு ஐயத்துக்கு உள்ளான பிறகு சொல்லப்படுவதால்தான், மீனையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பறவை பயனற்ற சாட்சியாக மாறுகிறது. நடந்ததற்கும் சொல்வதற்கும் இடையே ஓடிய சிறிது காலம், ஒரு பறவையின் பொருளையே மாற்றிவிட்டது. காதல் நாவலில் நினைவுபடுத்தப்படும் ஒவ்வொரு சிறு பொருளுக்கும் இப்படி நேர வேண்டும்: அன்று பார்த்தபோது ஒன்று, இன்று சொல்லும்போது இன்னொன்று.

சொல்வதற்கான காரணத்தை நாவலுக்குள்ளேயே வைத்துவிடுவதும் இங்கே பெரிய பலம். எஸ். ஈ. ஹிண்டன் தம் பதினைந்தாம் வயதில் எழுதத் தொடங்கி 1967-இல் வெளிவந்த ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை அதன் பதினான்கு வயது நாயகனே சொல்கிறான்; அவன் ஆங்கில வகுப்புக்காக எழுதும் கட்டுரைதான் நாம் படித்த நூல் என்பது முடிவில் தெரியவருகிறது, நாவலின் முதல் வரியே கடைசி வரியாகவும் திரும்பி வருகிறது. நண்பர்களை இழந்த பையன் ஏன் இதையெல்லாம் சொன்னான் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்துவிடுகிறது. காதலை விட நட்பையும் இழப்பையும் பற்றிய நாவல் அது என்றாலும், குரலைத் தேர்வு செய்ய விரும்புபவர் அதன் கட்டமைப்பைக் கூர்ந்து பார்க்கலாம்.

இந்த வழியின் மறைந்த செலவுகள் மூன்று. ஒன்று, கதைசொல்லி உயிரோடு இருக்கிறார், சொல்லும் அளவுக்கு மீண்டிருக்கிறார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான்காவது அளவுகோலை நினைத்தால் இதை நான் நன்மையாகவே பார்க்கிறேன். மிக இருண்ட அத்தியாயத்தைப் படிக்கும் இளம் வாசகருக்கு, ‘இதைச் சொல்பவர் அங்கிருந்து வெளியே வந்துவிட்டார்’ என்ற அறிவு இறந்தகால வினையிலேயே பொதிந்து கிடைக்கிறது. இரண்டு, ‘அப்போது எனக்குத் தெரியாது, பின்னால்தான் தெரிந்தது’ என்ற வகை முன்னறிவிப்புகள் கை தவறி மிகுந்துவிடும். ஒரு நாவலுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் தாங்காது. மூன்று, மொழிநடை. எழுத்துத் தமிழிலேயே சொன்னால் பதினாறு வயதுக் குரல் முதிர்ந்துவிடுகிறது. முழுக்கப் பேச்சுத் தமிழில் சொன்னால் முந்நூறு பக்கத்துக்கு வாசகர் களைத்துவிடுகிறார், அந்தப் பேச்சு ஒரு வட்டாரத்துக்குரியதாகவும் சுருங்கிவிடுகிறது. எளிய சொற்களும் குட்டி வாக்கியங்களும் கொண்ட எழுத்துத் தமிழில் கதையையும், பேச்சுத் தமிழில் உரையாடலையும் வைப்பதே பொதுவாக நிலைத்து நிற்கிறது. இந்தச் சிக்கல் ‘நான்’ என்று சொல்லும் எல்லா வழிகளுக்கும் உண்டு.

மூன்றாவது அளவுகோலில் இது தானாகத் தேறாது. கதைசொல்லி பார்த்ததுதான் நமக்குத் தெரியும் என்பதால் காதலிக்கப்படுபவர் கதைசொல்லியின் உணர்ச்சியை மட்டும் திருப்பிக் காட்டும் கண்ணாடியாகிவிடும் இடர் இருக்கிறது. கதைசொல்லிக்குக் கடைசிவரை விளங்காத ஒரு செயலை அவர் செய்யட்டும். அதற்கு நாவல் விளக்கம் தராமல் விட்டுவிடட்டும். அவருக்கும் ஒரு தனி வாழ்க்கை இருக்கிறது என்று வாசகர் நம்புவதற்கு அப்படிப்பட்ட ஒரு செயல் போதும்.

## இரு குரல்

காதலர் இருவரும் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் சொல்லும் முறை, மேலே சொன்ன கண்ணாடிச் சிக்கலை உடனே தீர்த்துவிடுகிறது. அவள் அலட்சியம் என்று எண்ணியது அவனுடைய அச்சம் என்று அடுத்த அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்போது வாசகருக்கு இருவர் மீதும் ஒரே நேரத்தில் இரக்கம் பிறக்கிறது.

அதற்கான விலையைப் பலர் கவனிப்பதில்லை. காதல் கதையின் இழுவிசையில் பாதி ‘அவன் மனத்தில் நான் இருக்கிறேனா’ என்ற கேள்வியில் இருக்கிறது. இருவர் மனமும் திறந்து வைக்கப்பட்டால் அந்தக் கேள்விக்கு வாசகர் இருபதாம் பக்கத்திலேயே விடை அறிந்துவிடுவார். அதன் இடத்தில் வேறொரு கேள்வியை வைக்காமல் இந்த வடிவத்தை எடுக்கக் கூடாது. இருவரும் ஒருவரிடமிருந்து மற்றவர் மறைக்கும் உண்மை ஒன்று இருக்கலாம். ஒரே நிகழ்ச்சியை இருவரும் வெவ்வேறாக நினைவில் வைத்திருக்கலாம். ஜேண்டி நெல்சனின் ‘ஐல் கிவ் யூ தி சன்’ (2014) இன்னொரு வழியைக் காட்டுகிறது. அதில் பேசுபவர்கள் காதலர்கள் அல்லர், நோவா, ஜூட் என்ற இரட்டையர்கள். நோவா சொல்லும் பகுதிகள் பதின்மூன்று, பதினான்கு வயதிலும், ஜூட் சொல்லும் பகுதிகள் பதினாறு வயதிலும் நிற்கின்றன. இருவருக்கும் இடையே ஏதோ முறிந்துவிட்டது என்பது ஜூட்டின் பகுதி தொடங்கியதுமே தெரிகிறது. அது எப்படி நேர்ந்தது என்பது இரண்டு காலங்களுக்கும் நடுவில் கிடக்கிறது. ஒவ்வொருவரிடமும் பாதிக் கதைதான் இருக்கிறது. இளையோர் இலக்கியத்துக்கான அமெரிக்கப் பிரிண்ட்ஸ் விருதை 2015-இல் பெற்ற அந்த நாவலில் இரண்டு குரல்களும் இரண்டு தொலைவுகளில் இருப்பதால்தான் இரண்டுமே தேவைப்படுகின்றன.

உழைப்பைப் பொறுத்தவரை இது இரண்டு நாவல் எழுதுவதற்குச் சமம். அத்தியாயத் தலைப்பில் உள்ள பெயரை மறைத்துவிட்டு நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பேசுவது யார் என்று நான்கு வரிகளுக்குள் தெரியவில்லை என்றால், ஒரு குரலோடு நிறுத்திக்கொள்வது மேல். ஒருவருடைய காயம் பெரிது, மற்றவர் துணை மட்டுமே என்ற கதைக்கும் இந்த வடிவம் வேண்டாம். துணையாக இருப்பவரின் அத்தியாயங்களை வாசகர் வேகமாகப் புரட்டிவிடுவார்.

## கடிதமும் நாட்குறிப்பும்

யாரிடமும் சொல்ல முடியாததை எழுத்தில் மட்டும் சொல்ல முடிகிறவர்களுக்கு உரிய வடிவம் இது. கூச்சமுள்ளவர், குடும்பத்துக்குள் ரகசியத்தோடு வாழ்பவர், இழந்தவரிடம் இன்னும் பேசிக்கொண்டிருப்பவர் ஆகியோரின் கதைகளில் இது இயல்பாக வந்து அமர்கிறது. தொலைவு ஒவ்வொரு கடிதத்துக்கும் மாறுவது இதன் தனிச் சிறப்பு: இன்றிரவு எழுதும் கடிதம் கொதிக்கிறது, ஒரு மாத மௌனத்துக்குப் பின் வரும் கடிதம் தெளிந்திருக்கிறது. நாள் குறிப்பிடாமல் விடப்பட்ட வாரங்களும் கதையைச் சொல்கின்றன.

யாருக்கு எழுதுவது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஸ்டீபன் சபோஸ்கியின் ‘தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃபிளவர்’ (1999) நாவலில் சார்லி என்ற மாணவன் பெயர் தெரியாத ஒரு நண்பருக்கு எழுதுகிறான். பெறுபவர் யார் என்று கடைசிவரை நமக்குச் சொல்லப்படுவதில்லை, ஆகவே அந்த இடத்தில் வாசகரே அமர்ந்துகொள்கிறார். காதலிக்கப்படுபவருக்கே எழுதினால் கதை வேறாகிவிடும். அங்கே தமிழ் நமக்குத் தரும் ஒரு கருவியைக் குறிப்பிட வேண்டும்: கேட்பவரை உள்ளடக்கும் ‘நாம்’, அவரை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ என்ற வேறுபாடு. முதல் நாற்பது கடிதங்களில் ‘நாம் அன்று நடந்த பாதை’ என்று எழுதியவள், ஒரு கடிதத்தில் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு ‘நாங்கள்’ என்று எழுதிவிட்டால், பிரிவு நிகழ்ந்துவிட்டது என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லை.

இதன் வரம்பு பழைய காலத்திலேயே தெரிந்துவிட்ட ஒன்று. ஜெர்மன் எழுத்தாளர் கெதே 1774-இல் வெளியிட்ட இளம் வெர்தரின் கதை பெரும்பகுதி நண்பனுக்கு எழுதப்பட்ட கடிதங்களால் ஆனது. நாயகனின் இறுதி நாள்களைச் சொல்ல வேண்டிய இடத்தில் கடிதங்கள் மட்டும் போதாமல், ‘பதிப்பாசிரியர்’ ஒருவர் உள்ளே வந்து கதையை ஏற்றுக்கொள்கிறார். எழுதுபவர் எழுத முடியாத நிலைக்குப் போகும்போது அடுத்து யார் சொல்வது என்ற கேள்வியிலிருந்து இந்த வடிவம் தப்ப முடியாது. அந்தக் கதையைப் படித்தவர்கள் தற்கொலை செய்துகொள்ளும் நாயகனைப் பின்பற்றுவதாக அஞ்சி அதைச் சில இடங்களில் தடை செய்தார்கள். ஊடகச் செய்திகளைத் தொடர்ந்து தற்கொலைகள் கூடுவதை ஆராய்ந்த சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் 1974-இல் அந்த விளைவுக்கு வெர்தரின் பெயரையே வைத்தார். தனியொரு குரல் மட்டுமே ஒலிக்கும் வடிவத்தில் விரக்திக்கு மறுமொழி சொல்ல ஆள் இருப்பதில்லை. ஆகவே இருண்ட பொருளை இந்த வடிவத்தில் எழுதுபவர், பதில் கடிதம் ஒன்றையோ, உரக்கச் சொல்லப்பட்டு எழுதிவைக்கப்பட்ட தோழியின் சொற்களையோ, மருத்துவரிடம் பேசிய ஒரு மணி நேரத்தையோ உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டும்.

கைப்பேசிக் குறுஞ்செய்திகளால் ஆன நாவலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஓரிரு அத்தியாயங்களுக்கு உயிரோட்டமாக இருக்கும்; முழு நாவலையும் அது தாங்கி நான் பார்த்ததில்லை.

## கவிதை வடிவம்

தனித்தனிக் கவிதைகள் கோத்து ஒரு கதையைச் சொல்லும் நாவல்களை ஆங்கிலத்தில் இளையோர் விரும்பிப் படிக்கிறார்கள். எலிசபெத் அசெவேடோவின் ‘தி பொயட் எக்ஸ்’ (2018), தாயின் கண்டிப்புக்கும் தன் உடல் மீது விழும் பார்வைகளுக்கும் நடுவே கவிதை எழுதத் தொடங்கும் சியோமாரா என்ற பதின்வயதுப் பெண்ணின் கதை. அவ்வாண்டின் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதை இளையோர் பிரிவில் பெற்றது. நாயகியே கவிஞர் என்பதால் வடிவத்துக்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. அவள் தன்னைக் கண்டுகொள்வதும் அவள் கவிதை வளர்வதும் ஒரே நிகழ்ச்சி.

சொல்லப்படாதது பெரிதாக இருக்கும் கதைக்கு இது மிகவும் ஏற்றது. பக்கத்தில் விடப்படும் வெற்றிடம் துயரத்தைத் தாங்குகிறது. நெருக்கத்தில் வேறெந்த வழியும் இதை எட்டாது என்பேன். ஆனால் நண்பர்கள், பெற்றோர், பள்ளி என்று விரியும் பெரிய கதையை இதற்குள் அடக்குவது கடினம். துணைப் பாத்திரங்கள் ஓரிரு வரிகளில் வந்து மறைந்துவிடுவார்கள். புதுக்கவிதையின் வளமான மரபு கையில் இருப்பதால் தமிழில் இதைத் தொடங்குவது எளிதாகத் தோன்றும். உரைநடையை மடக்கி அடுக்கிய வரிகளும் கவிதை போலவே தோற்றம் தரும். வரிகளை இணைத்துப் பத்தியாக எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது முன்பே உரைநடைதான்.

## படர்க்கை

ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று ‘அவள்’, ‘அவன்’ என்று சொல்லும் இந்த முறையை உணர்ச்சி குறைவு என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. தன்னைப் பற்றித் தானே பொய் சொல்லிக்கொள்ளும் பாத்திரத்துக்கு இது மிகவும் பொருந்தும். ‘தனக்கு ஒன்றும் இல்லை என்று அவள் சொன்னாள்; சொல்லிக்கொண்டே கைக்குட்டையை நான்காக, எட்டாக மடித்தாள்’ என்று எழுதுவதற்குக் கதைசொல்லி வெளியே நிற்க வேண்டும். மாற்றுக் குரலும் நாவலிலேயே இருப்பதால் இருண்ட பொருளை இதில் பொறுப்போடு கையாள்வது எளிது.

ஒரு சூழலில் மட்டும் கவனம் தேவை. பாத்திரத்தின் பாலினம் பற்றிய கண்டுகொள்ளலே கதைப்பொருளாக இருந்தால், தமிழ்ப் படர்க்கை, ‘வந்தார்’ என்ற மரியாதை வடிவத்தை விட்டால், முதல் வாக்கியத்திலேயே ‘வந்தான்’ அல்லது ‘வந்தாள்’ என்று முடிவு செய்யக் கேட்கிறது, வினைமுற்று தப்பவிடாது. ‘நான் வந்தேன்’ என்பதில் பால் இல்லை. கதைசொல்லி தானே தன் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்வரை காத்திருக்கத் தன்மைதான் இடம் தருகிறது. அத்தகைய கதைக்கு மற்ற அளவுகோல்கள் எல்லாம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகின்றன.

## பாதி எழுதிய பின் குரல் தவறு என்று தோன்றினால்

இது அடிக்கடி நேர்வது. ‘நான்’ என்பதை ‘அவள்’ என்று மாற்றினால் போதும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு வினைமுற்றும் மாற வேண்டும் என்பது சிறிய தொல்லை, கதைசொல்லி எதை அறிந்திருந்தார் என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறிவிடும் என்பதே பெரியது. எனவே முழுவதையும் மாற்றத் தொடங்குவதற்கு முன் ஒரு காட்சியை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தை எடுக்க வேண்டாம், அது எந்தக் குரலிலும் ஓரளவு நன்றாகவே அமைந்துவிடும். இருவரும் முதன்முதலாகச் சண்டையிடும் காட்சியை எடுங்கள், ஏனென்றால் அங்கே ஒருவர் நியாயம் மற்றவர் காதில் விழ வேண்டியிருக்கிறது. பழைய பிரதியைப் பார்க்காமல், நீங்கள் ஐயுறும் இரண்டு குரல்களிலும் அதைப் புதிதாக எழுதுங்கள்; இடையில் ஒரு வாரம் விடுங்கள். பிறகு இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள். காதலிக்கப்படுபவர் எந்தப் பிரதியில் நீங்கள் திட்டமிடாத ஒரு சொல்லைச் சொல்லியிருக்கிறாரோ, அந்தக் குரலில் அடுத்த அத்தியாயத்தை எழுதத் தொடங்குங்கள். பின்னால் கிடக்கும் நூறு பக்கங்களை நாவல் முடிந்த பிறகு திருத்திக்கொள்ளலாம்.